ஒரு சிற்றப்பா, இரண்டு மதுராந்தகர்: ‘பொன்னியின் செல்வன்’ உருவான விதம்

1950 அக்டோபர் 29 தேதியிட்ட ‘கல்கி’ இதழில் ஆரம்பித்த தொடர்கதை, 1954 மே 16 இதழில் ‘முற்றும்’ போட்டது. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, நடுவே 185 வாரம். ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஒரு வாரமும் தவறவில்லை என்று வைத்துக்கொண்டால் இதழுக்குச் சராசரியாக ஒன்றரை அத்தியாயத்துக்கு மேல் வருகிறது. பத்திரிகையின் ஆசிரியராக இருந்துகொண்டே ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி, இதைச் செய்தார். தொடங்கும்போது அவருக்கு வயது 51.

இந்த நாவலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வந்தியத்தேவனின் குறும்பிலும் நந்தினியின் அழகிலும் நின்றுவிடுகிறது. அதை எழுதியவரின் மேசைக்கு வந்து பார்த்தால் வேறொரு விஷயம் கண்ணில் படும். கையிலிருந்த ஆதாரம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஒன்றோடொன்று முட்டுகிறது. முட்டுகிற இடமாகப் பார்த்துத்தான் அவர் கதையை நட்டிருக்கிறார்.

மேசையில் என்ன இருந்தது

சோழர் வரலாறு 1950க்குள் ஓரளவு அச்சேறிவிட்டது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ஆங்கில நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935லும் 1937லும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டிருந்தது. தமிழில் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதி 1949ல், தொடருக்கு முந்தைய ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மூலங்களும் அச்சில் கிடைத்தன. ஹுல்ட்ஷ் தொடங்கிவைத்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இருந்தன. மூன்றாம் தொகுதியில் கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த திருவாலங்காட்டுச் செப்பேடு. ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற கல்வெட்டு ஆய்விதழின் 15ஆம் தொகுதியில் கோபிநாத ராவ் பதிப்பித்த அன்பில் செப்பேடு, 21ஆம் தொகுதியில் உடையார்குடிக் கல்வெட்டு.

ஆக, புதிதாக எதையும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. இருந்ததைக் கதைக்காரன் கண்ணோடு படிக்க வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர் கல்வெட்டில் தானம், நிலம், வரி, ஊர்ச்சபை தேடுவார். நாவலாசிரியர் உறவுமுறைச் சொல்லையும், இல்லாமற்போன பெயரையும், விளக்கப்படாத தாமதத்தையும் தேடுகிறார்.

ஓர் உதாரணம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரிய கோயில் கல்வெட்டின் தொடக்கத்தில் இராஜராஜன் தன் வாய்மொழியாகவே கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்கிறான். தான் கொடுத்தது முதலில். அடுத்து ‘அக்கன்’ கொடுத்தது. அதற்குப் பிறகுதான் தன் பெண்டுகள் கொடுத்தது, கடைசியில் மற்றவர் கொடுத்தது. மனைவிமாருக்கு முன்னால் அக்காளை நிறுத்துகிறான். நாவலில் பழையாறையிலிருந்து ஆட்சியையே ஆட்டிவைக்கும் குந்தவை, அந்த வரிசையில் ஓர் இடம் முன்னே நிற்பதிலிருந்து கிளம்பியவள் என்று சொன்னால் மிகையாகாது. அதே தொகுதியில் இன்னொரு வரி, அவளை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்கிறது. கதாநாயகனுக்குக் கிடைத்த உருப்படியான ஆதாரம் அந்த ஒரு வரிதான். யார், எந்த ஊர், எப்படி இளவரசியைக் கைப்பிடித்தார் என்பதற்குப் பதிலில்லை.

பதில் இல்லாததே வசதியாகிப் போனது. கல்கி அவனை வாணர் குலத்தவனாக்கினார். வாணரின் திருவல்லம் முதலாம் பராந்தகன் காலத்திலேயே வீழ்ந்துவிட்டது. ஆகவே நாடில்லாத இளவரசன். இழக்க ஒன்றுமில்லை, எங்கேயும் போகலாம், யாரிடமும் தூது போகலாம். அரண்மனைக்குள் நுழையும் தகுதியும் சத்திரத்துத் திண்ணையில் படுக்கும் சுதந்திரமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன. தொடர்கதையில் வாசகனைக் கையைப் பிடித்து ஊர் ஊராக அழைத்துப் போக இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான்.

உடையார்குடிச் சுவர்

கதையின் அச்சாணி, சுந்தர சோழரின் மூத்த மகனும் இராஜராஜனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலன் கொலை. அதற்கான நேரடிச் சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று தொடங்கி, சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று அது பெயர்களை அடுக்குகிறது. பிறகு வருவது கொலையைவிடக் குலைநடுங்க வைக்கும். துரோகிகளின் சொத்தோடு நிற்கவில்லை. அவர்கள் பிள்ளைகள், பெரியப்பன்மார், தாய்மாமன், பிள்ளை கொடுத்த மாமன், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர் என்று உறவு போகிற தூரமெல்லாம் போய், அத்தனை பேர் உடைமையையும் எடுத்து விற்கச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை அனுப்பியிருக்கிறான்.

தேதி கணக்கிடும் இடத்தில் புதிதாக எழுத வருபவர்கள் வழுக்கி விழுவது வழக்கம். கல்வெட்டில் இருப்பது ‘கோவிராஜகேசரிவர்மர்க்கு யாண்டு 2’. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடுவார்கள். பட்டத்தை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது. கண்டராதித்தரும் ராஜகேசரி, சுந்தர சோழரும் ராஜகேசரி, இராஜராஜனும் ராஜகேசரி. ஆதித்தன் இறந்த பிறகு என்பதால் இது இராஜராஜன் என்று முடிவுக்கு வருகிறோம். அடுத்த வழுக்கல் கூட்டலில். அவன் பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில். முதல் ஆண்டு அன்றே தொடங்குகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டு 986 நடுவில் பிறந்து 987 நடுவில் முடியும். 985ஓடு 2 கூட்டி 987 என்று எழுதினால் ஓராண்டு தள்ளிவிடும்.

ஆதித்தன் கொலை 969 - 971 வாக்கில். தண்டனைச் செய்தி கல்லில் ஏறுவது 986 அல்லது 987ல். நடுவே கிட்டத்தட்ட பதினாறு ஆண்டு, அதில் பெரும்பகுதி, இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் ஆட்சி. ஏன் அவன் காலத்தில் நடவடிக்கை இல்லை? நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மீதே சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். இரண்டு புத்தகமும் ஒரே மேசையில் இருக்கும்போது எழுதுகிறவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். கல்கி சாயவில்லை; கொலையாளியையே இருட்டில் விட்டுவிட்டார். கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்த அறையில் கத்தி எந்தக் கையிலிருந்து வந்தது என்று வாசகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

ரவிதாசன் விஷயத்தில் அவர் செய்த மாற்றம் கவனிக்க வேண்டியது. ‘பிரமாதிராஜன்’ என்பது அரசு அதிகாரத்திலிருந்த பிராமணருக்கு அரசர் தரும் பட்டம். ‘இருமுடிச்சோழ’ என்பது பச்சையாகச் சோழர் பட்டம். கல்வெட்டை அதன் போக்கில் படித்தால் கொலையாளிகள் அரசுக்குள்ளேயே இருந்த அதிகாரிகள். கல்கி அவர்களை, காட்டுக்குள்ளும் பள்ளிப்படையிலும் (இறந்த அரசரின் சமாதிக் கோயில்) கூடும் பாண்டிய ஆபத்துதவிகளாக, அதாவது அரசனுக்காக உயிரையும் கொடுக்கும் மெய்க்காவலர்களாக, மாற்றினார். ரவிதாசன் மந்திரவாதியாக ஆந்தைபோல் அலறுகிறான். ‘பஞ்சவன்’ என்ற சொல் பாண்டியனையும் குறிக்கும் என்ற ஓர் இழை மட்டுமே இதற்குப் பிடி. ஆதித்தன் வெட்டிய வீரபாண்டியன் தலைக்குப் பழிவாங்கல் என்ற காரணம் வாசகனுக்கு உடனே விளங்குகிறது என்பது உண்மை. ஆனால் உள்ளிருந்து வெட்டிய அதிகாரிகள் என்ற பயங்கரமான சாத்தியம் கைநழுவிப் போனது. நாவலின் பெரிய இழப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

சதிகாரர் கூடும் பள்ளிப்படை இருப்பது திருப்புறம்பியத்தில். அது பண்டாரத்தார் பிறந்த ஊர்.

முட்டிக்கொண்ட இரண்டு சான்றுகள்

இனி நாவலின் மூளை எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம்.

திருவாலங்காட்டுச் செப்பேடு 1905ல் கிடைத்தது. 31 ஏடுகள்; இராஜேந்திரனின் ஆறாம் ஆண்டைச் சேர்ந்தவை. அதன் வடமொழிப் பகுதி சோழர் பரம்பரையைச் சொல்லிக்கொண்டே வந்து, ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் ஊரில் வெற்றித் தூணாக நாட்டிவிட்டு ‘விண்ணுலகைக் காணும் ஆசையால்’ மறைந்தான் என்கிறது. கொலை என்ற சொல் இல்லை. குடிமக்கள் அருமொழியை (நாவலில் அருள்மொழி, பின்னாளில் இராஜராஜன்) பட்டமேற வேண்டுகிறார்கள். சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தான் மனத்தாலும் அதை விரும்பமாட்டேன் என்று அவன் மறுக்கிறான். அந்தச் சிற்றப்பன் மதுராந்தகனான உத்தம சோழன். அருமொழியை இளவரசாக்கிவிட்டு நாட்டை ஆள்கிறான்.

‘சிற்றப்பனுக்கு ஆசை’ என்பதை அப்படியே எடுத்தால் மதுராந்தகன் பேராசைக்காரன். மறுபக்கம் கோயில் கல்வெட்டுகள் காட்டும் உத்தமன் வேறு. தாய் செம்பியன் மாதேவி அவன் ஆட்சியிலும், பிறகு இராஜராஜன் ஆட்சியிலும் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றிக்கொண்டே போகிறாள். மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராஜராஜனிடம் பெரிய அதிகாரியாக இருந்து கோயில் கணக்குகளை விசாரித்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவனின் மகனுக்குத் தம்பி இப்படிப் பதவி கொடுப்பானா?

ஒரே ஆளைப் பற்றி இரண்டு சான்று, இரண்டு முகம். சாதாரணமாக எழுதுகிறவர் ‘முதலில் கெட்டவன், பிறகு திருந்தினான்’ என்று ஒட்டுப்போட்டிருப்பார். கல்கி ஆளையே இரண்டாகப் பிளந்தார். பட்டத்துக்குத் துடிக்கும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்தவனே இல்லை. உண்மையான பிள்ளை தஞ்சையில் பூமாலை கட்டிக்கொண்டு தேவாரம் பாடும் சேந்தன் அமுதன். ஆசை ஒருவனுக்கு, அரியணை இன்னொருவனுக்கு. செப்பேடும் பொய்யாகவில்லை, கோயில் கல்வெட்டும் பொய்யாகவில்லை.

மிச்சமான போலி மதுராந்தகனை என்ன செய்வது? அதற்கும் அதே செப்பேட்டிலேயே ஒரு பெயர் கிடந்தது. இராஜராஜன் தன் திக்விஜயத்தில் அமரபுஜங்கன் என்ற பாண்டியனைப் பிடித்ததாக அது சொல்கிறது. அந்த அமரபுஜங்கனாகப் போகிறவன் இவன்தான் என்று கதை முடிச்சுப் போடுகிறது. நீண்ட பரம்பரைப் பட்டியலில் ஓரமாகக் கிடந்த பெயரைக் கொண்டுவந்து கடைசி ஆணியாக அடிப்பது சும்மா வருகிற காரியமில்லை. செப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த கைக்குத்தான் அது வரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செப்பேட்டின் அந்தத் துறவுக் காட்சி, இராஜராஜனின் மகன் அவையில் எழுதப்பட்ட புகழ்ப்பாட்டு. தகப்பனுக்கு உடனே பட்டம் கிடைக்காததைத் தியாகமாகச் சொல்லும் தேவை அந்தக் கவிஞருக்கு இருந்தது. வரலாற்று மாணவர் அங்கே ஒரு கேள்விக்குறி போடுவார். நாவலாசிரியர் அதை அப்படியே ஏற்று, ‘தியாகச் சிகரம்’ என்று கடைசிப் பாகத்துக்கே பெயர் வைத்துவிட்டார். அதிலும் ஒரு படி ஏறி, தலைக்கு வரும் மகுடத்தை அருள்மொழி எடுத்துச் சிற்றப்பன் தலையில் வைப்பதாக மாற்றினார்.

நிலமும் பருவமும்

முதல் அத்தியாயத்திலேயே கல்கி ஆண்டுக்கணக்கைச் சொல்லிவிடுகிறார்: 982 ஆண்டுகளுக்கு முன்பு. 1950லிருந்து கழித்தால் 968. மாதம் ஆடி, நாள் பதினெட்டாம் பெருக்கு, இடம் வீரநாராயண ஏரிக்கரை (இன்றைய வீராணம்). இந்த மூன்றையும் முடிவுசெய்த உடனே பாதிக் கதை தானாக நகரத் தொடங்கிவிட்டது. ஆடியில் புது வெள்ளம், ஐப்பசி கார்த்திகையில் புயலும் மழையும். முதல் பாகத்தின் பெயர் ‘புது வெள்ளம்’, இரண்டாவது ‘சுழற்காற்று’. டெல்டாவின் பருவ வரிசையே கதையின் வரிசை. நடுக்கடலில் புயல் வேண்டுமா, நாகப்பட்டினத்தில் வெள்ளம் வேண்டுமா, வடகிழக்குப் பருவத்தில் வைத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கல்கி பிறந்த புத்தமங்கலம் மாயவரம் பக்கத்துக் கிராமம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வளர்ந்தவருக்கு இந்தப் பாதைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வந்தியத்தேவன் வீராணத்திலிருந்து கடம்பூர், கொள்ளிடம் தாண்டிக் குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று போகும் வழியை வரைபடத்தில் கோடிழுத்துப் பார்த்தால் நேராக நடந்துபோகலாம். கொலைக்குக் கடம்பூரைத் தேர்ந்ததற்கும் கணக்கு இருக்கிறது: உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும் இடத்திலிருந்து மேலக்கடம்பூர் ஒரு நடைதான். ஆதித்தன் எங்கே கொல்லப்பட்டான் என்று கல்வெட்டு சொல்லவில்லை. தண்டனை நிறைவேறிய நிலத்துக்கு அருகிலேயே குற்றத்தையும் வைத்தார்.

அறிமுகமில்லாத நிலம் இலங்கை. அதற்காகத் தொடருக்குப் படம் வரைந்த ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு கல்கி அங்கே போய்வந்தார். தம்புள்ளை, அநுராதபுரம், பொலன்னறுவைக் காட்சிகளில் கல்லின் அளவும் காட்டின் அடர்த்தியும் தெரிவதற்கு அந்தப் பயணம்தான் காரணம். ஓவியரைக் கூட்டிப்போனது சரியான முடிவு. வாராந்தரத் தொடரில் வாசகன் முதலில் பார்ப்பது படத்தை. கொண்டையும் நகையும் வாளும் வாரத்துக்கு வாரம் மாறினால் எழுத்தில் எவ்வளவு ஆதாரம் இருந்தும் பயனில்லை.

இடத்தின் குணத்தைச் சம்பவமாக மாற்றும் வித்தைக்குக் கோடிக்கரைக் காட்சி ஒன்று போதும். பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். அவள்தான் அவனைக் கரையேற்ற வேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரிக்கு எங்கே கால் வைக்கலாம் என்று தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. வேதாரண்யம் பக்கத்துச் சதுப்பை இரண்டு பக்கம் வருணிப்பதற்குப் பதிலாக, அவனை அதில் இறக்கிவிட்டார்.

நகர்த்தப்பட்ட முளைகள்

எல்லாவற்றையும் ஆதாரத்தோடு எழுதினார் என்று சொல்வது அவருக்கே பிடித்திருக்காது. வேண்டிய இடத்தில் முளையைப் பிடுங்கி நட்டிருக்கிறார்.

அருள்மொழி காய்ச்சலோடு தங்கும் நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் ஸ்ரீவிஜய அரசரின் பெயரால் எழுந்தது. இராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005 - 1006ல், ஆனைமங்கலம் ஊரை அதற்கு வழங்கிய செய்தியை லெய்டன் பெரிய செப்பேடு சொல்கிறது. 968 கதைக்குள் அது வருவது கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அவசரம். ஆனால் பிற்காலத்தில் பௌத்த விகாரத்துக்கு ஒரு சைவ அரசன் ஊர் கொடுத்ததற்கு இளமையில் ஒரு நன்றிக்கடனைக் காரணமாக வைக்க அந்த அவசரம் உதவியது.

சம்புவரையர்கள் பெயர்பெற்றது பிற்காலத்தில், அதுவும் வடக்கே படைவீட்டுப் பக்கம். கடம்பூரில் அவர்களுக்கு மாளிகை கொடுத்தது கற்பனை. பழுவேட்டரையர்கள் அப்படியில்லை, கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கல்வெட்டுகளில் உண்மையாகவே இருக்கிறார்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி, மணிமேகலை ஆகியோர் முழுக்கக் கற்பனை. இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: ஆள்கிறவர்களும் அவர்களின் முடிவும் வரலாற்றிலிருந்து வருகின்றன, அவர்களை நகர்த்துகிறவர்கள் எல்லாரும் புதியவர்கள். சுந்தர சோழர் ‘பொன்மாளிகைத் துஞ்சிய தேவர்’ என்று கல்வெட்டு அழைக்கிறதே, அந்தப் பொன்மாளிகையை ஆதித்தன் காஞ்சியில் கட்டி அப்பாவை வரச்சொல்லிக்கொண்டே இருப்பதாக வைத்ததும் இதே முறைதான்.

சான்றை மறைப்பதும் அவர் வழக்கமில்லை. சுந்தர சோழரின் முதலமைச்சர் அநிருத்தர் வரும் இடத்தில் கதையை நிறுத்தி, அன்பில் செப்பேட்டின் கதையையே சொல்கிறார். சுந்தர சோழர் அநிருத்தருக்குப் பத்து வேலி நிலம் தந்த ஆவணம் அது. இன்றைய எழுத்தாளர் இதைச் செய்தால் பதிப்பாசிரியர் சிவப்பு மை போடுவார். வாரா வாரம் ஒரு லட்சம் காரியத்துக்கு நடுவே படிக்கிற வாசகனுக்கு ‘இந்த மனிதர் நிஜம்’ என்று ஒரு முறை அழுத்திச் சொல்லும் வழியாக அது அன்று வேலை செய்தது.

வாரக் கெடுவின் தழும்புகள்

பாகங்களின் அத்தியாய எண்ணிக்கை: 57, 53, 46, 46, கடைசியில் 91. இந்த எண்களே கதை சொல்கின்றன. மூன்று ஆண்டாக அவிழ்த்துவிட்ட நூல்களையெல்லாம் கட்டவேண்டிய நேரம் வந்ததும் ஐந்தாம் பாகம் இரட்டிப்பாக ஊதிவிட்டது. தொடர் அச்சில் போய்க்கொண்டிருக்கும்போது முந்திய அத்தியாயத்தைத் திருத்த முடியாது. போன மாதம் ஒருவனை இறக்கவைத்திருந்தால் இறந்தவன்தான். நந்தினிக்கும் வீரபாண்டியனுக்கும் என்ன உறவு என்பது இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிப்பது திட்டமிட்ட மர்மம் பாதி, கெடுவின் விளைவு பாதி என்று தோன்றுகிறது. அத்தியாய முடிவில் யாரோ பின்னாலிருந்து கையை வைப்பதும், கதவிடுக்கில் முகம் தெரிவதும் அளவுக்கு மீறித் திரும்ப வருகின்றன. புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது சலிக்கும்; ஏழு நாள் காத்திருந்தவருக்குச் சலித்திருக்காது.

தொடர் முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா, நந்தினி என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, சமூக நாவலைக் கல்யாணத்தோடு முடிக்கலாம், சரித்திர நாவலை அப்படி முடிக்க வழியில்லை என்று விளக்கி, ஒவ்வொருவருக்கும் பிறகு என்ன நேர்ந்தது என்பதற்குக் கேள்வி வாரியாகப் பதில் சொன்னார். கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அதிலும் அவர் தீர்த்துவைக்கவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் தேதி, கடைசி அத்தியாயம் வெளிவந்து ஏழு மாதம் நிறைவதற்குள், அவர் காலமானார்.